ஆ காட்டு

திரைத் தடைச் சட்டம் அமலுக்கு வந்த அன்று மத்தியானம் என் மகன் வாயை மூடினான். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

அழவில்லை, உதைக்கவில்லை, தட்டைத் தள்ளிவிடவும் இல்லை. ஷஷ்டிகா ரசம் சாதத்தைப் பிசைந்து ஸ்பூனை நீட்டினாள். கடன் அட்டை விற்க வந்தவனைப் பார்ப்பதுபோல நிதிலன் அதைப் பார்த்தான். உதட்டைப் பிரித்து உள்ளே வைத்தோம். சோறு நாக்கின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்து, பிறகு ஓரமாக வழிந்து சட்டையில் இறங்கியது. தூங்கும்போது பாட்டிலில் பால் மட்டும் கொஞ்சம் உள்ளே போனது. நான்கு வயதுப் பையன் பாலில் மட்டும் எத்தனை நாள் ஓட்டுவான்?

சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் மூன்று வயதுக்கு மேல் கண்ணாடி போடாத பிள்ளை இல்லை. இமைக்க மறந்துபோன பிள்ளைகளுக்கு வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டியிருந்தது. ஐந்து வயதில் சர்க்கரை, ஆறு வயதில் கழுத்து எலும்புத் தேய்வு. 'அம்மா' என்று சொல்வதற்கு முன்பே 'ஸ்கிப்' என்று சொல்லப் பழகியிருந்தார்கள். டாக்டர்கள் பல வருடம் கத்தினார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ராணுவத்துக்கு ஆள் எடுக்க வந்த அதிகாரிகள், துப்பாக்கியின் முனை எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்த இளைஞர்களைக் கண்டு மிரண்டுபோனார்கள். அடுத்த கூட்டத்தொடரிலேயே சட்டம் வந்துவிட்டது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எந்தத் திரையும் கூடாது. பெரியவர்களுக்குத் தடை இல்லை. பெரியவர்களுக்கு ஓட்டு இருக்கிறது.

அந்தச் சட்டத்தோடு சேர்ந்து செத்துப்போன ஆப்களில் ஒன்று 'ஆ காட்டு'. சோறு ஊட்டுகிற எல்லாரும் சொல்கிற வார்த்தை, அதையே பெயராக வைத்துக் கோயமுத்தூர்ப் பையன்கள் செய்தது. பிள்ளையின் முன்னால் டேப்லெட்டை நிறுத்தினால் போதும். கேமரா அதன் வாயைக் கவனிக்கும். சரியான நேரத்தில் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். அப்போது ஸ்பூனை நீட்டினால் வாய் திறந்திருக்கும். கிண்ணம் காலி. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே இப்படித்தான் வளர்ந்தது: தாய்மாரின் வலது கையில் ஸ்பூன், இடது கையில் அவரவர் போன், காதில் டிங்.

ஷஷ்டிகா சட்டத்தை வரவேற்றவள். நிதிலனின் கண்ணாடி மறுபடியும் தடிமன் ஏறியதில் அவளுக்குக் குற்ற உணர்ச்சி. சட்டம் வந்த அன்று காலையிலேயே மருதமலைக்குப் போய் முருகனிடம் நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். சிலர் காபியை விடுவார்கள், சிலர் பூ வைப்பதை விடுவார்கள். இவள் போனை விட்டாள்.

"என்ற பையன் டேப்லெட் இல்லாம வயிறு நெறையச் சாப்பிடற வரைக்கும் நானும் போனத் தொடமாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள். போனை அணைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

நல்ல தாய் என்று நினைத்தேன். நானும் அப்போது முட்டாள்தான்.

*

விழுங்கல் மருத்துவர் மெஹருன்னிசா உடுமலைக்காரர். சட்டம் வருவதற்கு முன்பு பக்கவாதம் வந்த முதியவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருடைய வரவேற்பறை முழுவதும் வாய் மூடிய பிள்ளைகள். ஒரு சத்தம் இல்லை. ஏதோ மௌன விரதக் கூட்டம்போல இருந்தது.

ஒரே ஒரு பெண்தான் அந்த அமைதியைக் கெடுத்தாள். துடியலூர்க்காரி. மூலையில் சாய்ந்து உட்கார்ந்து போனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளை பக்கத்தில் தேங்காய் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தது. தங்கச்சி பிள்ளைக்குத் துணையாக வந்தாளாம். போனை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்த தாய்மார்கள் எல்லாரும் அவளைப் புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"பொறுப்புக் கெட்டவ" என்று ஷஷ்டிகா என் காதில் சொன்னாள்.

டாக்டர் நிதிலனின் தொண்டையைத் தடவிப் பார்த்தார்.

"இது அடம் இல்லீங்க. தொண்டை, நாக்கு எல்லாம் நல்லா இருக்கு. வாயத் தெறக்கறதுக்கு, விழுங்கறதுக்கு மூளைக்கு ஒரு சாவி வேணும். அந்தச் சாவிய ஆப் வெச்சிருந்துச்சு. பிள்ளைக்குப் பிள்ளை வேற சாவி. கம்பெனிக்காரன் சர்வரை அழிச்சுட்டுப் போய்ட்டான்."

"டிங்குனு வாயாலயே சத்தம் போட்டுப் பாத்தோம்ங்க" என்றேன்.

"எல்லாரும் போட்டாச்சு. டிங் உங்களுக்கு, ஸ்பூனை நீட்டறதுக்கு. பையனுக்கு வேற என்னமோ. ஊட்டறப்ப டேப்லெட்ல என்ன ஓடும்?"

"யானைங்க" என்றேன் நான்.

"டைனோசர்ங்க" என்றாள் ஷஷ்டிகா.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டுல எது?"

"இவரு வீட்டுல முழிச்சிருந்தாத்தான தெரியும்? நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து பகல் பூரா தூங்கறாரு. யானையாமா."

"சரிம்மா. மூணு வருஷமா நீங்கதான் எதிர்ல உக்காந்து ஊட்டியிருக்கீங்க. நீங்க எங்க பாத்துட்டு இருந்தீங்க?"

ஷஷ்டிகா குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது கை மடியில் மல்லாந்து கிடந்தது. விரல்கள் இன்னும் போன் பிடிக்கிற வளைவில் இருந்தன.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "எல்லார்கிட்டயும் சொல்றதுதான். நீங்களும் போனை ஓரமா வைங்க. பிள்ளைக்கு முன்மாதிரியா இருங்க."

"நான் தொட்டே பல நாளாச்சுங்க. நேந்துக்கிட்டேன்."

"ரொம்ப நல்லது" என்று மெச்சிய டாக்டர், உடனே முகத்தைச் சுருக்கினார். "ஆனா பாருங்க, ஒரு வேடிக்கை. நான் சொன்னதக் கேக்கற வீட்டுப் பிள்ளைகதான் ரொம்ப இளைக்குது. ஏன்னு புரியல." பிறகு எடை மெஷினைப் பார்த்துச் சொன்னார்: "வியாழக்கிழமை வாங்க. இன்னும் எறங்கியிருந்தா வயித்துல குழாய் வெக்கணும். வேற வழியில்ல. ஒரு தடவை வெச்சுட்டா அப்புறம் வாயால சாப்பிடப் பழக்கறது ரொம்பக் கஷ்டம். அதையும் சொல்லிடறேன்."

வெளியே வரும்போது துடியலூர்க்காரி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளை இரண்டாவது பன்னுக்குப் போயிருந்தது. அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும்.

*

குளிர்சாதனப்பெட்டி வந்த அட்டைப்பெட்டி பரணில் இருந்தது. முன்பக்கத்தைச் சதுரமாக வெட்டி என் தலையை உள்ளே விட்டுக்கொண்டேன். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், யானைபோலப் பிளிறினேன். பிறகு டைனோசர். டைனோசர் எப்படிக் கத்தும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் அதில் கொஞ்சம் சுதந்திரம் இருந்தது.

நிதிலன் கவனமாகப் பார்த்தான். கையை நீட்டினான். ஷஷ்டிகா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்பூனைத் தூக்கினாள். அவன் ஆள்காட்டி விரலை என் தாடையில் வைத்து மேல்நோக்கி ஒரு இழுப்பு இழுத்தான். அடுத்த வீடியோ வரவில்லை. மறுபடியும் இழுத்தான். பிறகு என் மூக்கை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

பெற்ற மகன் என்னை ஸ்கிப் செய்தான். வேலையில் பலர் செய்திருக்கிறார்கள், அது வேறு.

டாக்டரின் வரவேற்பறையில் ஒரு அப்பன் சொல்லியிருந்தான்: 'ஆ காட்டு' செய்த பையன்களில் ஒருவன் இப்போது சாய்பாபா காலனியில் தள்ளுவண்டியில் காளான் போடுகிறான். "எல்லாரும் போய்த் திட்டீட்டு வர்றாங்க. ஆனா காளான் நல்லாருக்குங்க."

சாயங்காலம் போனேன். பெயர் நிரஞ்சன். மெலிந்த ஆள். கல்லில் முட்டைக்கோசும் காளானும் மசாலாவில் கொத்திக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே கரண்டியைக் கீழே வைத்தான்.

"பையனா, பொண்ணுங்களாண்ணா?"

"பையன்."

"திட்டறதா இருந்தா திட்டிட்டே சாப்பிடுங்க. ஆறிப்போனா நல்லா இருக்காது."

"திட்ட வரல. என்ற பையனோட சாவி என்னன்னு சொல்லு."

"சாவி எங்ககிட்ட எப்பவுமே இருந்ததில்லீங்ண்ணா. ஆப்புக்கு நாங்க சொன்னது ஒண்ணே ஒண்ணு. வாய் தெறக்கணும். எப்படித் தெறக்க வெக்கறதுன்னு சொல்லித் தரல. அதுவா கண்டுபிடிக்க விட்டுட்டோம். மொதல்ல டேப்லெட்ல யானை, டைனோசர், லாரி எல்லாம் போட்டுப் பாத்துச்சு. கொஞ்ச நாள் வேலை செஞ்சுது. அப்புறம் பிள்ளைக்குப் பழகிப் போச்சு. ஆனா ஆப்புக்கு இன்னொரு கதவு இருந்துச்சு."

"என்ன கதவு?"

"அம்மாவோட போன். குடும்ப அக்கவுண்ட்ல அனுமதி கேட்டோம், எல்லாரும் 'சரி'ய அமுக்குனீங்க. நீங்களும் அமுக்கியிருப்பீங்க. பிள்ளைங்க பொறந்த நாள்ல இருந்து அம்மா மூஞ்சியப் பாத்துத்தானுங்ண்ணா எதையும் செய்யும். அம்மா வாயத் தெறந்தா அதுவும் தெறக்கும். அம்மா எப்ப வாயத் தெறக்கறாங்க? சிரிக்கறப்ப. அதனால ஆப் என்ன பண்ணுச்சுன்னா, சரியான நேரத்துக்கு அம்மா போனுக்கு ஒரு வீடியோ அனுப்புச்சு. அம்மா சிரிச்சாங்க. பிள்ளை திரும்பிப் பாத்து 'ஆ'ன்னுச்சு. டிங். ஒரு ஸ்பூன்."

"அப்ப டேப்லெட்டு?"

"சும்மா தலை ஆடாம இருக்கறதுக்கு. முக்காவாசி வீட்டுல ஒரே யானை ரெண்டு வருஷமா சுத்திக்கிட்டு இருந்துச்சு. யாரும் பாக்கல. பிள்ளையும் பாக்கல."

"கண்ணு கெட்டுப்போச்சேடா!"

"வெளிச்சம் வெளிச்சந்தானுங்ண்ணா. பாத்தாலும் பாக்காட்டியும் அடிக்கும்."

யானை. நான் சொன்னது சரி. அதில் சந்தோஷப்பட நேரமில்லை. பீரோவில் மஞ்சள் துணியில் சுற்றிக் கிடந்த போன் என் கண் முன்னால் வந்தது. பையன் சாப்பிடும்வரை அவள் போனைத் தொட மாட்டாள். அவள் போனைத் தொட்டுச் சிரிக்கும்வரை பையன் சாப்பிட மாட்டான். முருகனை இப்படிச் சிக்கலில் மாட்டிவிட்ட பக்தை இதற்கு முன் இருந்திருக்க மாட்டாள்.

*

"முடியாது" என்றாள் ஷஷ்டிகா.

"பையனுக்காகத்தான நேந்த? பையனுக்காக உடு."

"அப்படியெல்லாம் மாத்தி மாத்திப் பேசறதுக்கு அவரென்ன உங்க சூப்பர்வைசரா? சொன்னாச் சொன்னதுதான்."

"நான் வேணா மலைக்குப் போய் முருகன்கிட்டப் பேசிட்டு வர்றேன்."

"நீங்க பேசினா இருக்கறதும் போயிரும்."

வக்கீல் மூளையைப் பயன்படுத்தினேன். "தொடமாட்டேன்னுதான சொன்ன? பாக்கமாட்டேன்னு சொல்லலியே. என்ற போன நான் புடிச்சுக்கறேன். நீ பாத்துச் சிரி. நிதிலனுக்குத் தெரியாம திருப்பி வெச்சுக்கறேன்."

அவள் பீரோவை ஒரு முறை பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். தாய்மை இந்த ஒரு சந்து வழியாக இறங்கிவந்தது.

ஆனால் என் போனில் எனக்காக வருவதுதான் வந்தது. தொப்பையைக் குறைக்க எட்டு வழி. வாழ்க்கையில் தோற்றவன் எப்படி எழுந்தான் என்று ஒரு கோட்டுக்காரன் சொன்னான். முடி கொட்டுவது, கடன் வசதி, மறுபடியும் கோட்டுக்காரன்.

"இதயா தெனமும் பாக்கறீங்க?" என்று கேட்டாள். அவள் குரலில் முதல் முறையாக என்மேல் இரக்கம் இருந்தது. "இதப் பாத்தா எனக்கு அழுகதான் வருது."

போன் தோற்றதால் நான் களத்தில் இறங்கினேன். முன்பு வேலை பார்த்த பட்டறையில் கேட்ட ஜோக்குகளை எல்லாம் சொன்னேன். அவள் கடமைக்கு 'ஹா ஹா' என்றாள். நிதிலன் அவள் உதட்டைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான், வாயை இன்னும் இறுக்கிக்கொண்டான். நான்கு வயதில் அவனுக்குத் தெரிந்தது எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருடமாகத் தெரியவில்லை.

"இந்த ஜோக்குக்குக் கல்யாணமான புதுசுல உழுந்து உழுந்து சிரிச்சியே?"

"புதுசுல சிரிச்சேன். புதுசுன்னா அப்படித்தான்."

"சரி, உனக்கு எதப் பாத்தாச் சிரிப்பு வரும்? அந்த ஆப் உனக்கு என்னத்த அனுப்புச்சு?"

அவள் முகம் சிவந்தது. புடவைத் தலைப்பை முறுக்கினாள். "சொன்னாக் கோவிச்சுக்குவீங்க."

"சொல்லு."

"பெரிய மனுசன்னு காட்டிக்கிட்டு நிக்கற ஆம்பளைங்க கீழ உழுகறது. மேடைல மைக்கப் புடிச்சுட்டுப் பேசிட்டே இருப்பான், நாற்காலி பின்னாடி இருக்காது. மாப்பிள்ளை குதிரை மேல வெறப்பா வருவான், குதிரை சாணிக்குழிகிட்ட டக்குனு நின்னுரும். அதுதான். அத எத்தன தடவ பாத்தாலும்..." அவள் உதடு ஒரு நொடி துடித்தது. நிதிலனின் தலை சட்டென்று அவள் பக்கம் திரும்பியது. நானும் ஸ்பூனை எடுத்தேன். ஆனால் அவள் மகனின் எலும்பு துருத்திய தோளைப் பார்த்துவிட்டாள். துடிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நான் விழ ஆரம்பித்தேன். சோபாவிலிருந்து, கட்டிலிலிருந்து, ஒரு முறை ஸ்டூலில் ஏறி நின்று. முழங்கை வீங்கியது. "தெரிஞ்சே உழுந்தா எப்படிங்க சிரிப்பு வரும்?" என்று சொல்லி மருந்து தடவினாள். நடுவில் யானைக்கும் திரும்பிப் போனேன். ஒருவேளை டாக்டர், நிரஞ்சன் இருவருமே தப்பாகச் சொல்லியிருந்தால்? பிளிறினேன். கீழ்வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

*

புதன்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து வந்து லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வியாழன். ஷஷ்டிகா கடைசி முயற்சியாகத் தயிர்சாதம் பிசைந்து வைத்திருந்தாள். நிதிலன் அவன் நாற்காலியில் சாய்ந்து கிடந்தான். தலையைத் தூக்குவதற்கே அவனுக்குத் தெம்பில்லை. நாளை இந்த நேரம் அவன் வயிற்றில் துளை போட்டிருப்பார்கள்.

காலிங் பெல் அடித்தது. திரை ஆய்வாளர். காக்கி பேன்ட், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். பிள்ளையின் எதிரிலும் அரசாங்கத்துக்கு அனுமதி உண்டு.

"விஜயாலயன் நீங்கதானுங்களே? இந்த வீட்ல யானை வீடியோ ஓடுதுன்னு புகார் வந்திருக்கு."

"வீடியோ இல்லீங்க. அது நான்."

"யானைங்க" என்றார் அவர்.

"நாந்தாங்க யானை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டேப்லெட்டை எடுத்துட்டு வந்துருங்க. தானா குடுத்தா அபராதம் கம்மி."

எனக்குள் ஏதோ அறுந்தது. இத்தனை நாள் தூக்கமில்லாமல் கிடந்தது, விழுந்து விழுந்து வீங்கிய முழங்கை, மகன் தாடையில் விரல் வைத்து இழுத்தது, நாளைய குழாய் எல்லாம் சேர்ந்து எழுந்து நின்றன. நானும் எழுந்தேன். வலது கை விரல் தானாக மேலே போனது.

"யாருகிட்டப் பேசிட்டு இருக்கீங்க? நான் யாருன்னு தெரியுமா? சட்டம் உங்களுக்கு மட்டுந்தான் தெரியுமா? என்ற வீட்டுக்குள்ள காலெடுத்து வெக்கணும்னா உத்தரவு வேணும்! இந்தக் குடும்பத்துல யார் எதப் பாக்கணும், பாக்கக் கூடாதுன்னு முடிவு பண்றவன் நான்! ஏன்னா நான்..."

ஒரு அடி முன்னால் வைத்தேன். லுங்கியின் விளிம்பை மிதித்திருக்கிறேன். அது அமைதியாக, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், தரைக்குப் போய்விட்டது. கல்யாணச் சீரில் மச்சான் தமாஷுக்கு வைத்துக் கொடுத்த கோடு போட்ட பட்டாபட்டி டவுசரில் நின்றபடி, விரலை இறக்காமல், வாக்கியத்தை முடித்தேன்:

"...ஒரு பொறுப்புள்ள தகப்பன்!"

முதலில் பின்னாலிருந்து தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டாரைப்போல ஒரு இழுப்புச் சத்தம் கேட்டது. பிறகு வெடித்தது. ஷஷ்டிகா சிரித்தாள். அழகான சிரிப்பு என்று சொல்ல முடியாது. மூக்கால் உறிஞ்சினாள், சுவரில் அடித்தாள், "பொறுப்பு... பொறுப்பு..." என்று சொல்ல முயன்று முடியாமல் மடங்கினாள். வாய் ஆவென்று திறந்திருந்தது. கடைவாய்ப் பல்வரை தெரிந்தது.

நிதிலன் என்னைப் பார்க்கவில்லை. ஆய்வாளரையும் பார்க்கவில்லை. மெல்லத் தலையைத் தூக்கி அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவன் உதடுகள் பிரிந்தன.

ஆ.

"ஊட்டுடி! ஊட்டு!" என்று கத்தினேன்.

அவளால் ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை. நான் பாய்ந்துபோய் ஸ்பூனைப் பிடுங்கி உள்ளே வைத்தேன். வாய் மூடியது. தொண்டை ஏறியது, இறங்கியது. மறுபடியும் திறந்தது. அவள் என் பட்டாபட்டியைப் பார்த்து மறுபடியும் மோட்டார் போட்டாள். இன்னொரு ஸ்பூன். அதற்குள் அவள் அழுதுகொண்டும் இருந்தாள். ஆனால் சிரிப்பும் நிற்கவில்லை. நிதிலனுக்கு அது போதும்.

ஆய்வாளர் மனிதர்தான். லுங்கியை எடுத்து, எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து என்னை மறைக்க இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தோளும் குலுங்கியது. எங்கள் வீட்டில் அன்று பிடிபட்ட ஒரே திரை அதுதான்.

*

மறுநாள் எடை ஏறவில்லை, இறங்கவும் இல்லை. குழாயை டாக்டர் தள்ளிவைத்தார். நடந்ததைச் சொன்னோம். மெஹருன்னிசா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு எழுந்துபோய் வரவேற்பறைச் சுவரில் இருந்த 'பெற்றோரே, போனை வையுங்கள்' என்ற சுவரொட்டியைக் கிழித்தார்.

"துடியலூர்ப் பொண்ணை நானும் மனசுக்குள்ள திட்டியிருக்கேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த சில நாட்கள் என்னுடைய வீழ்ச்சியில் ஓடின. லுங்கி இரண்டாம் முறை வேலை செய்யவில்லை. பழைய வீடியோவுக்கு யார் சிரிப்பார்கள்? ஆனால் ஒருமுறை நிஜமாகச் சிரித்துவிட்டதால் அவளுக்குள் ஏதோ இளகியிருந்தது. நான் தீவிரமாக ஏதாவது பேச ஆரம்பித்தாலே போதும். "மின்சாரக் கட்டணம் ஏன் இவ்வளவு வந்திருக்கு?" என்று விறைப்பாகக் கேட்பேன். அவள் பார்வை என் இடுப்புக்கு இறங்கும். உதடு துடிக்கும். ஒரு ஸ்பூன் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்ணம் காலியாகி, நிதிலன் ஏப்பம் விட்டான்.

வயிறு நிறைந்தது. வேண்டுதல் முடிந்தது. மலைக்குப் போய்வந்த கையோடு அவள் பீரோவைத் திறந்தாள். மஞ்சள் துணியைப் பிரித்தாள். அன்று மத்தியானத்திலிருந்து மறுபடியும் இடது கையில் போன், வலது கையில் ஸ்பூன். மாப்பிள்ளைகள் குதிரையிலிருந்து விழுந்தார்கள். அவள் சிரித்தாள். பையன் சாப்பிட்டான். நான் தூங்கப் போனேன். என்னைவிட அவர்கள் நன்றாக விழுந்தார்கள், ஒத்துக்கொள்கிறேன்.

நன்றி சொல்ல நிரஞ்சனிடம் போனேன். ஒரு தட்டுக் காளானை இலவசமாக நீட்டினான். நன்றி சொன்ன முதல் ஆள் நான்தானாம். லுங்கிக் கதையைக் கேட்டு அவனும் சிரித்தான். பிறகு கரண்டியை நிறுத்தினான்.

"இருங்ண்ணா. நீங்க வீட்டுல இருக்கறப்ப உங்க சம்சாரம் சிரிக்கறதே இல்லையா?"

"முன்னாடியா? நான் எங்க வீட்டுல இருந்தேன்? காலைலயும் மத்தியானமும் தூக்கம், ராச்சாப்பாட்டுக்கு வேலைக்குப் போயிருப்பேன். நீலாம்பூர்ல கிடங்கு. விடிய விடிய கேமரா பாக்கற வேலை."

"எப்பச் சேந்தீங்க?"

"பையனுக்குச் சோறு ஊட்ட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல. அதுக்கு முன்னாடி மோட்டார் பட்டறை. சாயங்காலம் டிப்ளமோ படிச்சுட்டு இருந்தேன். அத உட்டுட்டேன்."

"இந்த வேலை இருக்குன்னு யாரு சொன்னாங்க?"

"போன்ல ஒரு விளம்பரம். தெனமும் வந்துச்சு. நைட் ஷிஃப்ட், கூடுதல் சம்பளம்னு..."

கல்லில் மசாலா கருக ஆரம்பித்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்ண்ணா. அப்பா பக்கத்துல இருந்தா சில வீட்டுல அம்மா சிரிக்க மாட்டாங்க. ஆப்புக்கு அது தெரிஞ்சுரும். அப்பாவ வெளிய தள்ளப் பாக்கும். மொதல்ல கிரிக்கெட் அனுப்பும். பத்தாட்டி மட்டன் கடை ஆஃபர். அதுக்கும் எந்திரிச்சுப் போகாட்டி..."

"வேலையா?"

"துபாய்க்கே அனுப்பின கேஸ் இருக்குங்ண்ணா. உங்களுக்கு நீலாம்பூரோட நிறுத்திக்குச்சு." ஆறுதலாகத்தான் சொன்னான். "வாய் தெறக்கணும்னுதான் சொன்னோம். வேற எதுவும் சொல்லலீங்ண்ணா."

காளான் ஆறிவிட்டது. ஆறினால் நன்றாக இல்லை.

*

மறுநாள் மத்தியானம் தூக்கம் வரவில்லை. எழுந்து வந்தேன். ஷஷ்டிகா போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அன்று ஒருத்தனும் சரியாக விழவில்லை. நிதிலன் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான். சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது.

நான் எதிரில் உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, நடந்ததை முழுவதுமாகச் சொன்னேன். மூன்று வருடம் என்னைத் தூங்க வைத்தது யார், படிப்பை விட வைத்தது யார், ஏன் என்று. நான் அறையில் இருந்தால் அவள் சிரிப்பதில்லை என்று ஒரு இயந்திரம் கணக்குப் போட்டு, அந்த ஒரு காரணத்துக்காக என் வாழ்க்கையையே இருட்டுப் பக்கம் திருப்பிவிட்டது என்று.

"மூணு வருஷம் ஷஷ்டிகா" என்றேன். "நான் ராத்திரி பகலா குடும்பத்துக்கு உழைக்கறேன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஒரு கிண்ணம் சோத்துக்கு எடஞ்சலா இருக்கேன்னு என்னை வெளிய அனுப்பியிருக்கு."

அவள் போனைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். கண் கலங்கியது. கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டாள்.

பிறகு அந்த இழுப்புச் சத்தம் வந்தது.

அடக்கப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். "இல்லீங்க... மன்னிச்சுக்கங்க... மட்டன் கடை ஆஃபர்..." என்றாள். அதோடு போயிற்று. தலையை மேசையில் வைத்துக் குலுங்கினாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் வெடித்தாள். வாய் கடைவாய்ப் பல்வரை திறந்திருந்தது.

நிதிலன் அவள் பக்கம் திரும்பினான்.

ஆ.

நான் ஸ்பூனை எடுத்தேன்.